எக்ஸில் மட்டும் இரண்டு மேடு

என் ஓரகத்தியின் பெயர் மனதில் பதிவதற்கு முன்பே அவள் மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, மாலையும் கழுத்துமாக என் கொழுந்தனோடு எங்கள் கள்ளக்குறிச்சி வீட்டு வாசலில் வந்து நின்றாள். என் மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்துவிட்டு, "வாம்மா, உள்ள வந்து உக்காரு, வெயில்ல வந்திருக்க" என்றார். களமருதூரிலிருந்து முறைப்படி பெண் பார்த்து, சீர் வரிசையோடு அழைத்து வரப்பட்ட எனக்கு அதே வாசலில் கிடைத்த முதல் வார்த்தை, "எந்தக் கால வெச்சி வர்றதுன்னுகூட ஒங்க வூட்ல சொல்லிக் குடுக்கலியா" என்பது.

அவள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊர். அப்பா சாமையும் தினையும் போடுகிறவர். அவள் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்து, மலை மேலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். என் கொழுந்தனுக்குக் கச்சிராயபாளையத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை. மலைக்குப் போகும் பஸ் கடைக்கு எதிரிலேயே நிற்கும். பஸ் நேரத்துக்கு வராததால் வளர்ந்த காதல் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். இந்தக் கல்யாணத்துக்காக அத்தை வீட்டை இரண்டாக்கிவிடுவார் என்று எல்லோரும் பயந்தார்கள். நான் மட்டும் கொஞ்சம் ஆவலாகக் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகும் நடக்கவில்லை. என் அத்தைக்கு வாய் ஜாஸ்தி. குழம்பில் உப்பு கம்மியென்றால் திட்டு, கூடினால் திட்டு, சரியாக இருந்தால் காரத்துக்குத் திட்டு. எல்லாம் எனக்குத்தான். அவள் துடைப்பத்தைக் கையில் எடுத்தால், "வெச்சிடும்மா, பெரியவ பாத்துப்பா" என்பார். சாமி அறையில் நான் விளக்கேற்ற வேண்டும். ஊறுகாய் ஜாடியை நான் குளித்துவிட்டு இறக்க வேண்டும். நைனார்பாளையத்து நிலத்தில் மக்காச்சோளம் அறுக்கிறார்கள் என்றால் ஆட்களுக்குச் சோறு நான் கட்ட வேண்டும். மகாராணி கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவாள்.

அவள் ஊரிலிருந்து சாமை கொண்டு வந்தால் அத்தை இரண்டு கையாலும் வாங்கி, "அப்புறமா ஆக்கலாம்" என்று டப்பாவில் கொட்டி மேல் அலமாரியில் பத்திரப்படுத்துவார். என் அம்மா கொடுத்தனுப்பும் முறுக்கோ பையை விட்டு வெளியே வருவதற்குள் காலி. அதற்கும் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று பேச்சு வேறு. அவளுக்கென்று புதிதாக ஒரு எவர்சில்வர் தட்டு, டம்ளர். அதை வேறு யாருக்கும் வைக்க மாட்டார். என் பெயர் வெட்டிய என் சீர்த் தட்டில் யார் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

ஒருமுறை பலாப்பழக் காலத்தில் அவள் ஊருக்குப் போனோம். கோமுகி அணையைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியது. எனக்குத் தலை சுற்றியது, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அங்கே எனக்கு நாற்காலி போட்டார்கள், நாட்டுக்கோழி அடித்தார்கள், "சாப்டுங்க, இன்னும் கொஞ்சம் வெச்சிக்குங்க" என்று உபசரித்தார்கள். அவள் அம்மாவோ அவளைப் போய் இறங்கிய நிமிஷத்திலிருந்து ஏசிக்கொண்டே இருந்தார். தலையை ஏன் இப்படி வாரியிருக்கிறாய், தண்ணிக் குடத்தை ஏன் திறந்து போட்டாய், எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி ஏன் சிரிக்கிறாய். எனக்குப் பரம திருப்தி. இவளைத் திட்டவும் உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறதே என்று கூடுதலாக இரண்டு துண்டு கறி தின்றேன். அவள் திட்டு வாங்கிக்கொண்டே அம்மாவின் தோளில் சாய்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

எது எப்படியோ, ஒரு விஷயத்தில் மட்டும் அவள் என் பக்கத்தில் வர முடியாது என்று நினைத்திருந்தேன். அது என் கணக்கு.

நான் ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே பல வருஷமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. தொட்டிலாட்டிக்கொண்டு செய்தது, துவரம்பருப்பு வேக வைத்துக்கொண்டு செய்தது. பல்கலைக்கழகம் இதுதான் கடைசி நீட்டிப்பு என்று சொல்லிவிட்டது. கல்லூரியில் வரும் கல்வியாண்டிலிருந்து பட்டம் இல்லாதவர்களை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஆராய்ச்சி முடியாவிட்டால் வேலை போகும். வேலை போனால் நாள் முழுக்க வீட்டில், அத்தையோடு. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சி என்னவென்று கேட்பவர்களுக்கு நான் கரும்பு வயலைத்தான் காட்டுவேன். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாவதற்கு முன்னால் தனக்குள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்க வேண்டும். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைவரை எழுதிக்கொண்டே போனால் மாதக்கணக்கில் ஆகும். செல் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. எப்படியென்றால், ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் ஆரம்பிக்கிறது. கரும்பு வெட்டிய பிறகு தோகைக்கு வரப்போரமாகப் பல இடத்தில் தீ வைப்பார்களே, அப்படி. ஒவ்வொரு தீயும் இரண்டு பக்கமும் ஓடும். எதிரெதிராக வரும் இரண்டு தீயும் சந்தித்தால் அங்கே அவிந்துவிடும், எரிய மிச்சமில்லை. செல்லுக்குள் எந்த இடத்தில் எப்போது பற்றும் என்பது தற்செயல்தான். ஆனால் லட்சக்கணக்கான செல்களைச் சேர்த்துப் பார்த்தால் சில இடங்கள் எப்போதும் முந்துகின்றன, சில எப்போதும் பிந்துகின்றன. எரிந்து முடிந்த வயலைப் பார்த்து, எங்கெங்கே கொள்ளி வைத்தார்கள், எவ்வளவு நெருக்கி வைத்தார்கள் என்று சமன்பாட்டால் பின்னோக்கிக் கண்டுபிடிப்பது என் வேலை.

இதற்கான அளவுகளை ஏதோ ஒரு வெளிநாட்டு ஆய்வகம் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருந்தது. டி.என்.ஏ.வின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரைபடம். அந்த இடம் நகலாகும் நேரத்தில் கோடு மேடாக எழும்பும். முந்தும் இடத்துக்கு மேடு இடப்பக்கம், பிந்தும் இடத்துக்கு வலப்பக்கம். என் சமன்பாடு ஒன்றாம் குரோமோசோமுக்குப் பொருந்தியது, இரண்டாவதற்குப் பொருந்தியது, இருபத்திரண்டு வரை அச்சடித்த மாதிரி பொருந்திக்கொண்டே போனது. எக்ஸ் குரோமோசோமில் உதைத்தது.

அங்கே மட்டும் இடத்துக்கு இடம் இரண்டு மேடு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் பள்ளம். கணக்குப் படித்தவள் இதைப் பார்த்தால் என்ன செய்வாள்? அளவெடுத்தவன் எங்கோ பிசகிவிட்டான் என்று நினைப்பாள். முன்னும் பின்னும் இருக்கும் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, கரடுமுரடை இழைத்துவிடுவாள். நானும் இழைத்தேன். இரண்டு மேடும் அமுங்கி, தோசைக்கல் மாதிரி தட்டையாக ஒன்று கிடைத்தது. அதற்குச் சமன்பாட்டைப் பொருத்தினால் தீ நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று விடை வந்தது. வேகத்தை மாற்றினேன், நேரத்தை மாற்றினேன், ஒரு கட்டத்தில் கணினியையே மாற்றினேன். எக்ஸ் அசைந்துகொடுக்கவில்லை.

சென்னைக்குப் போய் என் நெறியாளரைப் பார்த்தேன். நல்ல மனிதர், மாணவர்கள் கட்டுரையில் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ள மாட்டார், ஆனால் வளைந்துகொடுக்கவும் மாட்டார். "எக்ஸ் மட்டும் ஏன் ஒத்துவரலன்னு சொல்லாம இந்தக் கட்டுரைய அனுப்ப முடியாதும்மா. கட்டுரை வராம தீசிஸ் வாங்க மாட்டாங்க. ஒங்களுக்கே தெரியும்" என்றார். எனக்கே தெரியும். திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில் இறங்கி, கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக ஒரு டீக்கடையில் நின்றேன். ரோட்டில் லாரி மேல் லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. போன் அடித்தது. அத்தை. "வரச்சொல்ல தயிர் வாங்கினு வா. நேத்து வாங்கினது புளிச்சிப் போச்சி, பாத்து வாங்கத் தெரியல ஒனக்கு." பின்னாலிருந்து என் ஓரகத்தியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. டி.வி. பார்க்கிறாள் போல. என் வாழ்க்கை தட்டையாகிக்கொண்டிருக்கிறது, அவளுக்கு டி.வி. கேட்கிறது என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, எக்ஸின் படங்களைச் சாப்பாட்டு மேஜை மேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இழைக்காத பழைய படங்கள். அவள் தண்ணீர் குடிக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"இன்னாக்கா இது, எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு திமிலு?"

"எக்ஸ் குரோமோசோம்" என்றேன், நிமிராமலே.

"யாருது?"

"மனுசங்களுது."

"அது தெரியுதுக்கா. ஆம்பளயா, பொம்பளயா?"

எனக்குக் கோபம் வந்தது. "புள்ளில இன்னா ஆம்பள பொம்பள? தண்ணி குடிக்க வந்தா குடிச்சிட்டுப் போ."

அவள் போகவில்லை. அவளுக்குக் கோபமும் வராது, அது இன்னொரு எரிச்சல். டம்ளரோடு எதிரில் உட்கார்ந்தாள். "இல்லக்கா, பொம்பளைக்கு எக்ஸ் ரெண்டு இருக்கும்ல. செல்லு அதுல ஒண்ணத்தான் வேலைக்கு வெச்சிக்கும். இன்னொண்ண சுருட்டி மூலைல போட்டுடும். சுருட்டிப் போட்டது காப்பி ஆவறதும் லேட்டுதான். பன்னண்டாவது பாடம்கா. நான் பசங்களுக்குப் பூனைய வெச்சி சொல்லுவேன். மூணு கலரு பூனைங்க பாருங்க, அநேகமா எல்லாமே பொட்டயாத்தான் இருக்கும். கலரு ஜீனு எக்ஸுலதான் இருக்கு, அதனால அதுக்கும் இதான் காரணம்." சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி, அவளுடைய இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் கணினியைத் திறந்து, அந்த அளவுகளை முதன்முதலில் நான் இறக்கிக்கொண்ட பக்கத்துக்குப் போனேன். எண்களுக்கு மேலே நாலு வரி விவரம் இருந்தது. செல் எடுக்கப்பட்டது ஒரு பெண்ணிடமிருந்து. முதல் நாளிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. எண்ணை மட்டும் இறக்கிக்கொண்டு எழுத்தைத் தாண்டிப் போவது எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி. ஒரு மனுஷியின் உடம்பிலிருந்து வந்ததை வருஷக்கணக்காக வைத்துக்கொண்டு, அது யாருடையது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு வேலை கிடுகிடுவென்று ஓடியது. ஒரு எக்ஸ் அல்ல, இரண்டு. ஒன்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது. அளவெடுக்கும் கருவி இரண்டையும் கூட்டி ஒன்றாகக் காட்டுகிறது. நான் அதையும் சராசரி எடுத்து, இரண்டில் எதுவுமே இல்லாத மூன்றாவது ஒன்றைச் செய்துவைத்திருக்கிறேன். சமன்பாட்டை இரண்டாகப் பிரித்து எழுதினேன். மேட்டுக்கு மேடு வந்து உட்கார்ந்தது. சுருட்டிப் போட்ட எக்ஸில் தீ இந்த இடம்தான் என்றில்லாமல் எங்கு வேண்டுமானாலும் பற்றுகிறது என்பதும் தெரிந்தது. ஒரு ஆணின் செல்லுக்கான அளவுகளை எடுத்துப் பார்த்தேன். எக்ஸில் ஒரே மேடு. சந்தேகமே இல்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பாடம், பூனை, ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவு நேரம்தான் அவளுக்குத் தேவைப்பட்டது.

நெறியாளர் போனில் குதிக்காத குறை. "எப்படிம்மா புடிச்சீங்க?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை, முழுசாக உண்மை சொல்லவும் வரவில்லை. "ஒரு ஸ்கூல் டீச்சர் கேட்ட கேள்விலேர்ந்து வந்தது சார்" என்றேன். "அப்ப கட்டுரைல அவங்க பேரும் வரணும்மா. அதுதான் முறை. அவங்ககிட்ட சம்மதம் கேட்டுடுங்க" என்றார். தீசிஸ் என்னுடையதுதான், அதில் யாரும் பங்குக்கு வர முடியாது. ஆனால் அச்சாகப் போகும் முதல் கட்டுரையில் என் பெயர் தனியாக நிற்கும் என்று எத்தனையோ வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாக நிற்க எனக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அது. அங்கேயும் அவள் வந்து நிற்கப்போகிறாள்.

நம் பக்கத்தில் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. கொடுப்பவர் மறுபடி வற்புறுத்த வேண்டும், அதற்கப்புறம்தான் வாங்க வேண்டும். அவளும் முதலில் வேண்டாம் என்பாள். எனக்கு அந்த ஒரு வேண்டாம் போதும், இரண்டாம் தடவை கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க சாரு அந்தக் கட்டுரைல ஒன் பேரையும் போடச் சொல்றாரு. ஒனக்கு இஷ்டம் இல்லன்னா வாணாம், நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

"போடுங்கக்கா."

நான் தடுமாறிவிட்டேன். "துட்டு கிட்டு ஒண்ணும் வராது."

"தெரியும்கா."

"யாரும் படிக்கக்கூட மாட்டாங்க."

"பரவால்ல. ஒங்க பேருக்குப் பக்கத்துலதான வரும்?"

"எம் பேருக்கு அடுத்தது."

"அப்ப போடுங்க."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "இந்த வூட்ல எல்லாந்தான் ஒனக்குக் கெடச்சிடுச்சே. இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் செய்தித்தாளை மடித்தாள். "எனக்கு இன்னாக்கா கெடச்சிது?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"அத்த ஒன்ன ஒரு வார்த்த சொல்லியிருப்பாங்களா? நான் தெனம் வாங்கிக் கட்டிக்கினு இருக்கேன்."

"ஒரு வார்த்த சொன்னதில்லக்கா" என்றாள். "வந்ததுலேர்ந்து இன்னிய வரைக்கும் ஒண்ணுகூட சொன்னதில்ல. அவங்க ஒங்களத் திட்டும்போதெல்லாம் நான் மாடிப்படில ஒக்காந்து கேட்டுக்கினு இருப்பேன். எனக்கு வயிறு எரியும்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "வந்த விருந்தாளிய யாருனா திட்டுவாங்களா? நான் கொண்டாந்த சாம ஒரு தபாவாவது இந்த அடுப்புல வெந்திருக்கா? வண்டு புடிச்சப்புறம் கோழிக்குத்தான் போடறாங்க. என் தட்ட வேற எடத்துல வெக்கறாங்க. வெளக்கேத்த ஒரு நாளும் கூப்டதில்ல. எங்கம்மா என்ன எப்பிடித் திட்டுச்சின்னு பாத்தீங்கல்ல? ஒங்களுக்குத் தெரியாதாக்கா?"

எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், பொறாமைப்பட்டுக்கொண்டே பார்த்தேன். பின்னால் சுர்ரென்று சத்தம் கேட்டது. பால் பொங்கி அடுப்பு மேடையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை ஈரக் கையோடு ஓடி வந்தார். "எங்கடி போச்சி ஒன் புத்தி? பாலு பூரா பொங்கி அடுப்பே அவிஞ்சி கெடக்கு, நின்னுக்கினு கத பேசற. இவ பட்டம் வாங்கி ஊர ஆளப் போறாளாம்."

"பால நான்தான் வெச்சேன் அத்த" என்றாள் அவள். அத்தை காதில் விழாத மாதிரி கேஸை மூடினார். அவள் ஒரு அடி முன்னால் வந்து, சற்றுச் சத்தமாக மறுபடியும் சொன்னாள். "நான்தான் அத்த வெச்சேன். பாக்காம வுட்டது நான்தான்."

"பரவால்லம்மா, நீ போயி உக்காரு" என்றார் அத்தை, அவள் பக்கம் திரும்பாமலே. பிறகு என்னிடம், "மரம் மாதிரி நிக்கிறியே, அந்தத் துணிய எடுத்தா" என்றார்.

அவள் போய் உட்காரவில்லை. துணியை எடுத்துக்கொண்டு அத்தையோடு சேர்ந்து குனிந்து துடைக்க ஆரம்பித்த என்னை, நின்ற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாக நான் அவளைப் பார்த்த பார்வை.